கண் காணாத வேலைக்கு யார் சாட்சி?

1553-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி ரோம் நகரிலிருந்து இஞ்ஞாசியார் ஒரு கடிதம் அனுப்பினார். கீழ்த்திசை நாடுகளில் பணியாற்றிக்கொண்டிருந்த சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லும் உத்தரவு அது. இருவரும் பாரிஸில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். இயேசு சபையைத் தொடங்கிய தோழர்கள். ஆனால் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் சீனக் கரையை ஒட்டிய சான்சியான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்றே இறந்துவிட்டார். ஏழு மாதம் ஆகப்போகிறது, தலைவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பல் வர ஆறு மாதம் பிடிக்கும். பருவக்காற்றுக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுகூட ஆகும். கப்பல் மூழ்கினால் கேள்வியும் பதிலும் அதோடு போயிற்று. அப்படியிருந்தும் அந்தக் குழு சிதறவில்லை. அதன் தொடக்ககாலக் களங்களில் ஒன்று, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலும் அதன் இருபுறமும் நீண்டு கிடக்கும் முத்துக்குளித்துறை ஊர்களும்தான்.

தொலைவில் இருப்பவரை நம்பி வேலை நடத்துவது எப்படி? அந்த ஆற்றங்கரையில் இன்று வேறொரு விதத்தில் அதே கேள்வி எழுந்திருக்கிறது. திருநெல்வேலி சந்திப்பைத் தாண்டி வடக்கே மதுரைச் சாலையில் இருக்கும் தச்சநல்லூர், 1994-இல் மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைந்த ஊர். இப்போது மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றுக்கு அதன் பெயர். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. வேலையில் இருந்த பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு இப்படிப்பட்ட ஊர்களுக்குத் திரும்பினார்கள். மாடி அறைகள் அலுவலகம் ஆயின. பலர் பிறகு நகரத்துக்கே போய்விட்டார்கள். சிலர் இன்னும் இங்கிருந்தே வேலை பார்க்கிறார்கள்.

அந்த மாடி அறை எப்படி இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு மேசை, கரண்டு போனால் கைகொடுக்க ஒரு இன்வெர்ட்டர், இணையம் படுத்துவிட்டால் ஹாட்ஸ்பாட் போட இன்னொரு சிம் கார்டு. கீழேயிருந்து அம்மா, "ஏட்டி, சோறு ஆறிட்டு இருக்கு, வாயேன்" என்பாள். அமெரிக்கக்காரர்களோடு கூட்டம் இரவு 9 மணிக்குத்தான் தொடங்கும் என்று அவளுக்கு விளக்க முடியாது. எதிர்வீட்டு ஆச்சிக்கு வேறு சந்தேகம்: "வீட்ல இருந்தா சம்பளம் குடுக்கானுவளா? நீ வேல செய்யுதத யாரு பாக்கா?"

ஆச்சியின் கேள்வி வெகுளித்தனமாகத் தோன்றலாம். உலகம் முழுக்க நிர்வாகப் படிப்புப் படித்தவர்கள் கேட்பதும் அதையேதான். யாரும் பார்க்காதபோது மனிதன் ஒழுங்காக வேலை செய்வானா? செய்வான் என்றால் எதனால்? நிர்வாகக் கேள்வி போலத் தோன்றினாலும், அடியில் இருப்பது சமயங்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. கண் காணாத இடத்தில் ஒருவர் செய்யும் காரியத்துக்கு யார் சாட்சி?

இதற்கு நவீன ஐரோப்பா தந்த பதில் ஒரு கட்டடம். ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1787-இல் ஒரு திட்டத்தை எழுதினார். வட்டமான கட்டடம், நடுவில் ஒரு காவல் மேடை. அங்கிருந்து எல்லா அறைகளும் தெரியும்; அறையில் இருப்பவருக்குக் காவலர் தெரியமாட்டார். தன்னை இப்போது பார்க்கிறாரா இல்லையா என்று தெரியாததால் எப்போதும் பார்ப்பதாகவே எண்ணி ஒழுங்காக நடப்பார் என்பது கணக்கு. சிறைச்சாலைத் திட்டம் என்றுதான் இது பெயர் பெற்றது. ஆனால் இதன் மூல யோசனை அவருடைய தம்பி சாமுவேலுடையது. ரஷ்யாவில் பொத்தெம்கின் பிரபுவின் பண்ணையில் வேலையாட்களை மேற்பார்க்கவே அவர் அதை வகுத்தார். அதாவது கைதிகளுக்கு முன்னால் வந்தவர்கள் தொழிலாளர்கள்.

அந்தக் காவல் மேடைதான் இன்று மென்பொருளாகி மடிக்கணினிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கிறது. விசைகள் எத்தனை முறை தட்டப்பட்டன என்று எண்ணுகிறது. மௌஸ் அசையாவிட்டால் 'சும்மா இருக்கிறார்' என்று குறித்துக்கொள்கிறது. பதிலுக்கு ஊழியர்கள் மௌஸைத் தானாக அசைக்கும் கருவிகளை வாங்கி வைத்தார்கள். விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதற்காக அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்த செய்தி 2024-இல் வெளிவந்தது. ஊழியர் ஏமாற்றியது தவறுதான். ஆனால் அசைவை வேலை என்று எண்ணும் இடத்தில் அசைவுதான் உற்பத்தியாகும். அந்தத் தவறின் முதல் பாதி, அளக்கத் தெரியாமல் அளந்தவர்களுடையது.

ஆழ்வார்திருநகரி, தச்சநல்லூரிலிருந்து ஆற்றோடு கீழே போனால் வரும் ஊர். அங்கே உறங்காப்புளி என்னும் புளியமரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் அசையாமல், பேசாமல் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. பார்த்தவர்களுக்கு அவர் எதுவும் செய்யவில்லை. பிறகு அவரிடமிருந்து வந்தவை 1,296 பாசுரங்கள். எல்லோரும் நம்மாழ்வார் ஆகிவிட முடியாது. அதைச் சொல்ல வரவில்லை. நிரல் எழுதுபவரும் கணக்குத் தணிக்கை செய்பவரும் ஒரு சிக்கலை அவிழ்க்கும்போது அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலை நடப்பது அந்த அரைமணியில்தான். திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளுக்கு அது தெரிய வழியில்லை.

இந்த ஆற்றங்கரைச் சமயங்கள் ஆச்சியின் கேள்விக்குத் தரும் பதில் வேறு. யாஞ்ஞவல்கியர் உத்தாலகருக்குச் சொல்லும் பிரகதாரண்யக உபநிடதப் பகுதியில் அந்தர்யாமி பேசப்படுகிறான். எல்லாவற்றுக்குள்ளும் இருந்து, எதனாலும் பார்க்கப்படாமல் எல்லாவற்றையும் பார்ப்பவன் அவன். மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்களில் இஹ்ஸான் என்று போதிக்கப்படுவது இதற்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. இறைவனை நீ காணாவிட்டாலும் அவன் உன்னைக் காண்கிறான் என்ற உணர்வோடு வணங்குவதும் வாழ்வதும் அது. பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் மனசாட்சி என்பார்கள். ஊர்ப் பேச்சில் இதெல்லாம் சேர்ந்து 'மேல ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்' என்று ஆகிவிடும்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அப்படியானால் கடவுள் என்பவர் பெந்தாமின் காவலருக்கு இன்னொரு பெயரா? அச்சத்தால் உழைப்பவன் கேமராவுக்கு அஞ்சினால் என்ன, சாமிக்கு அஞ்சினால் என்ன?

வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம். கேமரா ஒரு பக்கம் மட்டும் பார்க்கும். அது மேலாளருக்காகப் பார்க்கிறது, மேலாளரைப் பார்ப்பதில்லை. சமயங்கள் சொல்லும் சாட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. மாடி அறையில் வேலை செய்பவளுக்குள் இருப்பது போலவே, சென்னையிலோ கலிஃபோர்னியாவிலோ இருந்து அவளுக்கு வேலை கொடுப்பவருக்குள்ளும் அது இருக்கிறது. அவள் ஒழுங்காக உழைத்தாளா என்று கேட்கும் அதே மூச்சில், அவளுக்கு வேலை தெளிவாகச் சொல்லப்பட்டதா, கூலி சரியான நாளில் போய்ச் சேர்ந்ததா, அவள் எழுதிய மடலுக்குப் பதில் போயிற்றா என்றும் அது கேட்கும். தொலைவில் உள்ளவரை நம்பலாமா என்று தவிப்பவர்கள், தொலைவில் உள்ளவர் தங்களை எதை வைத்து நம்புவார் என்று தங்களையே கேட்டுக்கொள்வது அரிது. அறத்தின் பாரம் அனுப்புகிறவர் தோளில்தான் அதிகம். இதற்கு நெல்லைச் சீமையிலேயே நானூற்றெண்பது ஆண்டுச் சாட்சியம் கிடக்கிறது.

சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டு இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தமிழ் தெரியாது. சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என நீளும் கரையில் ஓர் ஆள் எத்தனை நாள் எந்த ஊரில் இருக்க முடியும்? அதனால் ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் பிரதி ஒன்றை எழுதி வைத்துவிட்டு, சொல்லிக்கொடுக்க உள்ளூர் ஆள் ஒருவரை நியமித்துவிட்டு நகர்ந்தார். கணக்கப்பிள்ளை என்று அவர்களுக்குப் பெயர். அவர்களுக்குக் கூலி வேண்டுமே என்று போர்ச்சுகீசிய ஆளுநரிடம் மல்லுக்கட்டினார். அரசி கதரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிட்டார். தொலைவில் இருக்கிறவர்களின் சம்பளத்தைத் தலைமையோடு போராடி வாங்கித் தருவது குழுத் தலைவரின் முதல் கடமை என்று அவர் நினைத்திருக்கிறார்.

1544-இல் தன் உதவியாளர் ஃபிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருபதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவர் ஓர் ஊரில், மான்சிலாஸ் வேறோர் ஊரில். கடிதங்களில் தத்துவம் குறைவு. ஒரே ஊரில் தங்கிவிடாதீர்கள், சுற்றிக்கொண்டே இருங்கள், மக்களிடம் பொறுமையாக இருங்கள், அவர்கள் அன்பைச் சம்பாதியுங்கள், ஆசிரியர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்றா, செய்தி எழுதுங்கள். இதே பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஆண்டு வடுகர் படையெடுப்பால் குமரிமுனைப் பக்கத்து மக்கள் பாறைகளிலும் கடலோரத்திலும் ஒளிந்து பசியால் வாடியபோது, உணவுப் படகுகளைத் திரட்டிக்கொண்டு போக முயன்றார். உத்தரவு போடும் ஆள் அலைக்குள் இறங்கவும் தயாராக இருந்தார்.

ரோமிலும் இதைப் பற்றி ஆழ்ந்து யோசித்திருக்கிறார்கள். இயேசு சபையின் சட்டத் தொகுப்பில் பத்துப் பகுதிகள். அவற்றில் எட்டாவது முழுவதும் ஒரே பொருளைப் பற்றியது: உலகெங்கும் சிதறிக் கிடக்கும் உறுப்பினர்களைத் தலைமையோடும் ஒருவரோடொருவரும் எப்படி இணைத்து வைப்பது. கூட்டம் கூட்டமாக ஆள் சேர்க்காதே, பொறுக்கி எடு என்கிறது. அடிக்கடி கடிதம் எழுது என்கிறது. தலைவர் எங்கிருந்தால் எல்லோருக்கும் எளிதில் தொடர்பு கிடைக்குமோ அங்கே இருக்க வேண்டும் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அன்பைப் பிணைப்பாகச் சொல்கிறது. இன்று விமான நிலையப் புத்தகக் கடைகளில் விற்கும் நிர்வாக நூல்களில் பாதி விஷயம் இதற்குள் அடங்கிவிடும்.

கடிதம் எழுதும் முறையில் இஞ்ஞாசியார் மிகக் கண்டிப்பு. 1542 டிசம்பரில், தன் பழைய அறைத்தோழர் பேதுரு ஃபேபருக்கே ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். பிறருக்குக் காட்டத்தக்க செய்திகளை முதன்மைக் கடிதத்தில் ஒழுங்காக எழுதுங்கள். தனிப்பட்ட விவரங்களையும் மனக்குறைகளையும் தனித்தாளில் வையுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள் என்பது சாரம். தானும் முதன்மைக் கடிதத்தை ஒருமுறை எழுதி, படித்துத் திருத்தி, மறுபடியும் எழுதுவதாகச் சொல்கிறார். எழுத்து நிற்கும், பேச்சைப்போல் அதை எளிதில் சரிசெய்ய முடியாது என்பது அவர் தரப்பு. வாட்ஸாப்பில் நினைத்ததை நினைத்தபடி தட்டிவிட்டு நாலு பேர் மனதைப் புண்படுத்தும் தலைவர்கள் இதைப் படிக்க வேண்டும். எதிரில் இருந்தால் முகம் பார்த்துப் புரிந்துகொள்வதை, தொலைவில் இருப்பவர் வெறும் எழுத்திலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அங்கே அலட்சியமான ஒரு வரி கொடுமையாகிவிடும்.

சவேரியாரிடம் நெஞ்சைத் தொடும் ஒரு பழக்கம் இருந்தது. 1546 மே மாதம் அம்போயினா தீவிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தோழர்களுக்கு எழுதும்போது அதை அவரே சொல்கிறார். அவர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவரவர் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் கத்தரித்தெடுத்து, தன் துறவு வாக்குறுதித் தாளோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருந்தாராம். குழு என்பது அவருக்கு ஒரு பட்டியலாக இல்லை. இன்னார் கையெழுத்து இப்படி என்று தெரிந்த மனிதர்களாக இருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது முறையாகாது. மான்சிலாஸை மொலுக்காத் தீவுகளுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது; அவர் போகவில்லை. சவேரியார் அவரைச் சபையிலிருந்தே நீக்கினார். கணக்கப்பிள்ளைகளின் கதை இதைவிட முக்கியமானது. ஊரை நடத்தியது அவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்கள். மொழி அவர்களுடையது. ஆனால் குருப்பட்டம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. வேலை முழுவதும் தொலைவில் இருப்பவருக்கு, முடிவு முழுவதும் மையத்தில் இருப்பவருக்கு என்ற பிரிவினை அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்தப் பிரிவினை முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பாளையங்கோட்டையில் வெடித்தது. பிரஷ்யாவில் பிறந்த இரேனியஸ் ஐயர், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எம்.எஸ். சங்கத்தின் ஊழியராக 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊசிக்கோபுரம் என்று நெல்லைக்காரர்கள் சொல்லும் தேவாலயம் 1826-இல் அவர் எழுப்பியது. ஊர் ஊராகச் சபைகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஓர் உபதேசியார். அவர்கள் மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு வந்து கூடி, நடந்ததைச் சொல்லி, பாடம் கேட்டுத் திரும்புவார்கள். சபை வளரவளர ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது: ஞானஸ்நானம் கொடுக்கவும் நற்கருணை வழங்கவும் அதிகாரம் பெற்றவர்கள் போதவில்லை. தகுதியான உபதேசியார்களுக்கு நாமே குருப்பட்டம் கொடுப்போம் என்றார் லுத்தரன் மரபில் வந்த இரேனியஸ். ஆங்கிலிக்கன் பிஷப் கையால்தான் நடக்க வேண்டும் என்றது லண்டன். ஆங்கிலிக்கன் சபையின் முறைகளை விமர்சித்தும் அவர் எழுதவே, 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் ஆற்காட்டுக்குப் போனார், உபதேசியார்கள் பலர் திரும்பி வரும்படி அழைத்தார்கள், வந்தார். சபை இரண்டுபட்டது. 1838 ஜூன் 5-ஆம் தேதி அவர் பாளையங்கோட்டையில் இறந்தார்.

லண்டனில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தங்கள் சபை ஒழுங்கைக் காப்பதாகவே நினைத்தார்கள். ஆனால் அரவம் கேட்காத தொலைவில் இருந்துகொண்டு, களத்தில் இருப்பவர் கண்ணால் பார்ப்பதைவிடத் தங்கள் விதிப்புத்தகம் அதிகம் அறியும் என்று நம்பினார்கள். இந்த நோய்க்கு மதம் என்ன, நிறுவனம் என்ன?

இதற்கு மருந்து சொன்னவரும் நெல்லைச் சீமையில்தான் பிறந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். இந்த முறை பணம் திருநெல்வேலியினுடையது, ஆட்கள் திருநெல்வேலியினர், களம் தொலைவில் நிஜாம் சீமைத் தெலுங்கு ஊரான தோர்ணக்கல். பெறும் இடமாகவே இருந்த ஊர் அனுப்பும் இடமானது. அசரியா தாமே தோர்ணக்கலுக்குப் போனார். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை மனமார ஏற்றுக்கொண்டார். பிறகு, உள்ளூர்ப் பணியாளர்களுக்கு அவர்களிடமிருந்து கிடைக்காத ஒன்றைக் கேட்டார். நட்பு. சமமானவர்களாக உட்கார்ந்து உண்ணும், உறவாடும் நட்பு. அரங்கில் சிலருக்குக் கோபம் வந்தது. 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். இரேனியஸ் கேட்டதைவிடப் பெரிய பொறுப்பு, அவர் இறந்து 74 ஆண்டு கழித்து.

திருவள்ளுவர் இந்தப் பிரச்சினையின் இரண்டு முனைகளையும் பார்த்தவர். 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆராய்ந்து ஆளைத் தேர்ந்தெடு; தேர்ந்தபின் அந்த வேலையை அவனிடமே விடு; ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் தீராத் துன்பம் என்பது அவற்றின் போக்கு. அதே வள்ளுவர் 59-ஆம் அதிகாரத்தை ஒற்றாடலுக்கு ஒதுக்கியிருக்கிறார். கண்காணிப்புக்கு ஆதரவு தேடுபவர்கள் அதை உடனே எடுத்துக்காட்டக்கூடும். ஆனால் ஒற்று அங்கே நாடாளும் அரசனின் கருவி. பகையும் சூழ்ச்சியும் நிறைந்த களத்துக்கானது. ஆள் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய கடினமான வேலையைச் செய்யாமல் தப்பித்துவிட்டு, எடுத்தபின் வேவு பார்த்து அதைச் சரிக்கட்ட வள்ளுவத்தில் வழியில்லை.

ஆராய்ந்து ஆளெடுத்து, நம்பி வேலையை விடுவதற்குச் சமகாலத்தில் நல்ல எடுத்துக்காட்டு அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. திருநெல்வேலி மருத்துவமனை 1988-இல் வந்தது. அவர் ஸ்ரீ அரவிந்தரின் பக்தர். மருத்துவமனைப் பெயரே அதைச் சொல்லும். வேலையே ஆன்ம சாதனை என்ற நம்பிக்கை அவரிடம் வெறும் பேச்சாக இல்லை. 2004 வாக்கில் தேனி வட்டாரத்தில் தொடங்கி, சிற்றூர்களில் மருத்துவமனை பார்வை மையங்களைத் திறந்தது. இன்று அவை நூற்றைத் தாண்டிவிட்டன. அங்கே மருத்துவர் இல்லை. கிராமத்தில் பள்ளிப்படிப்பை முடித்து, இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்தான் நோயாளியின் கண்ணைச் சோதிக்கிறார். ஸ்லிட் லேம்ப் கருவியில் நோயாளியின் தாடையைத் தாங்கில் சரியாக வைத்து, கருவிழியைப் படமெடுத்து, குறிப்போடு அனுப்புகிறார். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசி முடிவைச் சொல்கிறார்.

இந்த ஏற்பாட்டில் காணொளி இரண்டாம்பட்சம். மருத்துவர் அந்தப் பெண்ணை வேவு பார்க்கக் கேமராவைத் திறப்பதில்லை; அவருக்குத் துணை நிற்கத் திறக்கிறார். அந்தப் பெண் எதைத் தானே செய்யலாம், எந்த இடத்தில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது பயிற்சியிலேயே தெளிவாகிவிடுகிறது. அந்த எல்லை தெளிவாக இருப்பதால்தான் அவரால் நிம்மதியாக வேலை செய்ய முடிகிறது. நம்பிக்கை என்பதை உணர்ச்சியாக மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குச் செலவிடுவதும் நம்பிக்கைதான்.

ஸோஹோ கதை இந்தப் பகுதி வாசகர்களுக்கு நன்கு தெரிந்தது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தது. கிளை அலுவலகம் என்றால் மிச்சமீதி வேலை என்ற வழக்கத்துக்கு மாறாக, ஸோஹோ டெஸ்க் என்னும் மென்பொருள் அங்கேதான் பெரிதும் உருவானது. 2019-இல் ஸ்ரீதர் வேம்பு தாமே தென்காசிப் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிவந்து, 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பிலிருந்து விலகும் வரை அங்கிருந்தே நிறுவனத்தை நடத்தினார். எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்பதல்ல. ஆனால் தலைவர் தாமே தொலைவில் போய் உட்கார்ந்தால் தொலைவைப் பற்றிய சட்டங்கள் வேறு மாதிரி எழுதப்படும். தொலைவிலிருப்பவரின் கரண்டு வெட்டும், விட்டுவிட்டு வரும் இணையமும், 'என்னை மறந்துவிட்டார்களோ' என்ற மனக்கலக்கமும் அவருக்கும் சொந்த அனுபவம் ஆகிவிடும்.

அந்த மனக்கலக்கத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. மாடி அறையில் இருக்கும் பெண்ணுக்குச் சம்பளம் வருகிறது. ஆனால் பதவி உயர்வு பேசப்படும் தேநீர் இடைவேளையில் அவள் இல்லை. கூட்டம் எப்போதும் அவளுடைய இரவில்தான். வீட்டில் இருக்கிறாளே என்று கடைக்கும், ரேஷனுக்கும், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அசரியா கேட்ட நட்புக்கு இங்கே மிகச் சாதாரணமான பொருள்: இவள் பகல் எப்படிப் போகிறது என்று தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருப்பது.

ஊழியர் பக்கத்துக் கடமையும் சிறியதல்ல. இரண்டு நிறுவனங்களில் ஒரே நேரத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இருவரிடமும் மறைப்பவர்களும், முடியாத வேலையை 'ஆகிவிட்டது' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுவது முதலாளியை மட்டும் அல்ல. அடுத்து ஒரு சிற்றூர்ப் பெண் வீட்டிலிருந்து வேலை கேட்கும்போது அவள் முகத்தில் அறைந்து சாத்தப்படும் கதவுக்கு அவர்களும் பொறுப்பு. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் உண்மையாக இருப்பதற்குத்தான் எல்லாச் சமயமும் தவம் என்று பெயர் வைத்திருக்கிறது.

சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கப்பாலும் இருந்துகொண்டு தச்சநல்லூர், சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் உள்ளவர்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் உங்களைக் கேட்காமலே எந்தெந்த முடிவுகளை எடுக்கலாம் என்று இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள். அவர்கள் எழுதும் மடலுக்கு எத்தனை நாளுக்குள் பதில் போகும் என்பதையும் அதிலேயே எழுதி, அதைக் காப்பாற்றுங்கள். அடுத்த கூட்டத்தை அவர்களுடைய பகல் நேரத்தில் வையுங்கள்.